டிரெய்லர்கள் இல்லாத ஒரு ஞாயிறு

என் இடது தொடை எலும்பு முறிந்த அன்று, அது முறிந்த சாலையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். நான் திருவொற்றியூரில் பிறந்தவள். முப்பத்திரண்டு வருடங்களாக அந்தக் கடலோரச் சாலையில்தான் போய்வருகிறேன். அதை யாரும் கழுவி நான் பார்த்ததில்லை. துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டிகளை ஏற்றிச்செல்லும் டிரெய்லர்கள், கேட் திறப்பதற்காக அங்கே எந்நேரமும் வரிசைகட்டி நிற்கும். நடப்பவர்களுக்கு மிஞ்சுவது, அவற்றின் சக்கரங்களுக்கும் கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளுக்கும் நடுவே ஓர் ஆள் போகும் இடைவெளி. அதிலும் கசிந்த எண்ணெய், மூத்திரம், உடைந்த கண்ணாடி. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு வண்டிகூட இல்லை. தார் கறுப்பாகத் தெரிந்தது. ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். "சுத்தமான மூச்சுக்கு ஓடுவோம்" என்ற வாசகத்தோடு ஒரு பலூன் வளைவு நின்றது. அதன் பின்னால், ஓட்டத்துக்குப் பணம் கொடுத்த தொழிற்சாலையின் புகைபோக்கி, விடுமுறை நாள் என்று பாராமல் வேலை செய்துகொண்டிருந்தது.

எலும்பு ஒட்டிவிட்டது. கோபம் ஆறவில்லை.

ஓட்டத்தைக் கைவிடுங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. புதிதாக ஓடத் தொடங்குகிறவர்களுக்கு, குறிப்பாக எங்கள் பகுதிப் பெண்களுக்கு, எனக்கு என்ன நேர்ந்தது, அதில் எது யாரால் நேர்ந்தது என்பதை முறையாகச் சொல்லவேண்டும் என்று படுத்திருந்த நாட்களில் முடிவு செய்தேன். சமூகப்பணியில் முதுகலை படித்துவிட்டு, ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மனு எழுதிக்கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அடுத்தவர் காயத்தை எழுதிப் பழகியவள். சொந்தக் காயத்தை எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வாக்கியமும் சண்டைக்கு நிற்கிறது.

எங்கள் ஓட்டக் குழுவில் எட்டுப் பெண்கள். இறால் உரிக்கும் கம்பெனியில் நாள் முழுதும் சிமெண்டுத் தரையில் நிற்பவர்கள் சிலர், துணிக்கடையில் நிற்பவர்கள் சிலர், ஒரு பள்ளி ஆசிரியை, நான். சர்க்கரை வந்துவிடும் என்று மருத்துவர் எச்சரித்ததால் வந்தவர்கள் பாதிப் பேர். வீட்டைவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே இருக்க ஒரு காரணம் தேடி வந்தவர்கள் மீதிப் பேர். நான் இரண்டாவது வகை. எங்களுக்கு மைதானம் இல்லை. பூங்கா என்று பெயரெழுதிய இடத்துக்குப் பூட்டு உண்டு. ஆகவே விடியும் நேரத்தில், டிரெய்லர்களுக்கும் பாறைகளுக்கும் நடுவே அந்த இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக ஓடினோம். தூரத்தைப் பேருந்து நிறுத்தங்களால் அளந்தோம். ஒரு நிறுத்தம் ஓட்டம், ஒரு நிறுத்தம் நடை.

இரண்டு நிறுத்தங்களை நிற்காமல் கடந்த நாள் இன்னும் நினைவிலிருக்கிறது. காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிவந்த ஆட்டோ ஒன்று பக்கத்தில் வேகம் குறைத்தது. "இன்னாமா, யாரு தொரத்தறாங்க" என்று கேட்டார் ஓட்டுநர். பதில் சொல்ல மூச்சில்லை, சிரிப்பு மட்டும் இருந்தது. என் உடம்பு யாருக்கும் கணக்குக் காட்டாமல் எனக்காக மட்டும் வேலை செய்த முதல் காலை அது. பின்னால் எதை இழக்கவிருந்தேன் என்று புரிந்துகொள்ள, இந்த மகிழ்ச்சியையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு அந்தத் தொழிற்சாலைக்காரர்கள் வந்தார்கள். வட்டாரப் பெண்களை ஊக்குவிப்பதாகச் சொல்லி எங்களைத் தங்கள் பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் சேர்த்தார்கள். நகரின் தென்பகுதியிலிருந்து விஷால் என்ற இளம் பயிற்சியாளரை அனுப்பினார்கள். மரியாதையான பையன். கைபேசியில் அழகான ஓர் அட்டவணை அனுப்பினான். ஆனால் அந்த அட்டவணை எங்கள் உடம்பிலிருந்து முன்னோக்கி எழுதப்படவில்லை. விழா நாளிலிருந்து பின்னோக்கி எழுதப்பட்டிருந்தது. மேடைக்கு ஆள் பேசியாகிவிட்டது, சட்டை அச்சடித்தாகிவிட்டது, நாளை மாற்ற முடியாது. ஆகவே எங்கள் கால்கள்தான் மாறவேண்டும். சேரும்போது எங்களிடம் சட்டை அளவு கேட்டார்கள். என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணி நேரம் நின்று வேலை செய்கிறீர்கள், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு வாரமும் தூரம் தாவித்தாவி ஏறியது. ஓய்வு நாட்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வெறும் வயிற்றில் ஓடி, குளித்து, ஒரு டீயோடு அலுவலகம் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் இடது அடித்தொடையின் உட்பக்கம், இடுப்பு மடிப்பில், ஆழத்தில் ஒரு வலி வந்தது. ஓடும்போது மட்டும் வந்தது, பிறகு நடக்கும்போதும் வந்தது. குழுவின் வாட்ஸ்அப்பில் விஷாலுக்கு எழுதினேன். பதிலாக, மடக்கிய புயத்தின் படம் ஒன்று வந்தது. கீழே, "வலிக்குதுன்னா வளர்றீங்கன்னு அர்த்தம், சுகந்திக்கா."

எங்கள் தெருவில் இடுப்புப் பிடித்துக்கொண்டால் முதலில் போகும் இடம் பவுனு அக்காவின் வீடு. மீன் விற்பவர். தலைக்குப் பதிலாகக் கால் முன்னே வரப் பிறந்தவர். அப்படிக் காலால் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது எங்கள் நம்பிக்கை. காசு வாங்க மாட்டார். காலையில் கூடையோடு கிளம்புவதற்கு முன் வாசலில் இரண்டு பேராவது நிற்பார்கள்.

"இன்னாடி, நொண்டிக்கினு வர்ற?"

"இடுப்பாண்ட வலிக்குதுக்கா."

"வலிக்காம? ரோட்ல குதிச்சிகினு போறத பாத்தப்பவே நெனச்சேன். குப்புறப் படு."

படுத்தேன். இடது காலால் இடுப்பிலிருந்து தொடை வரை மூன்று தரம் மெதுவாக மிதித்து நீவினார். பிறகு விதிமுறையைச் சொன்னார். "மூணு நாளு காலையில வெறும் வயித்துல வரணும். அது வரிக்கும் ஓடக் கூடாது, கொடம் தூக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது. நீ பாட்டுக்கு ஆடிட்டு அப்பால என் காலு மேல பழி போடாத."

அவர் வீட்டுக்குப் போய்வரும் நேரம் தவிர, மூன்று நாளும் அம்மா என்னைப் பாயைவிட்டு எழ விடவில்லை. மூன்றாம் நாள் வலி போயிருந்தது. தெருவே பவுனு அக்காவின் காலைப் புகழ்ந்தது. குழுவில் எழுதினேன், கைதட்டும் படங்கள் வந்தன. விட்டுப்போன ஓட்டங்களை வார இறுதியில் சேர்த்து ஓடிவிடும்படி விஷால் எழுதினான். ஓடினேன். வலி திரும்பியது. அப்போது விழாவுக்குச் சில நாட்களே இருந்தன.

அந்த ஞாயிறு, புறப்படும் இடத்தில் மருத்துவ உதவிக் கூடாரம் ஒன்று இருந்தது. அங்கிருந்தவரிடம் வலியைச் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழவில்லை. கால்சட்டைக்கு மேலாகவே ஏதோ குளிர்ந்த மருந்தைப் பீய்ச்சிவிட்டு, "சதைப்பிடிப்புதான். உடம்பு சூடானா சரியாயிடும்" என்றார். பின்னால் வரிசை நின்றது. கொட்டு அடித்து ஓட்டத்தைத் தொடங்கினார்கள்.

பாதித் தூரத்தைக் கடந்திருப்பேன். உலர்ந்த குச்சியை ஒடித்தது போல உள்ளுக்குள் ஒரு சத்தம். கால் என்னிடமிருந்து கழன்றுகொண்டது. கழுவிய தார்ச்சாலை கன்னத்தில் குளிர்ச்சியாக இருந்தது. சுற்றிலும் வண்ணக் காலணிகள் விலகி விலகி ஓடின. ஆசிரியை சாந்தி மட்டும் நின்று என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் வர நேரமாயிற்று. பரிசளிப்பு மேடைக்காக வழியை மறித்திருந்தார்கள்.

அரசுப் பெருமருத்துவமனையின் அவசரப் பிரிவில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புப் பிரிவு மருத்துவர் நஸ்ரீன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்தே விளக்கினார். தொடை எலும்பின் உச்சியில் பந்து போன்ற தலை இருக்கிறது. அது இடுப்புக் குழியில் பொருந்திச் சுழல்கிறது. தலையையும் தண்டையும் இணைப்பது ஒரு குறுகிய கழுத்து. அந்தக் கழுத்தில்தான் எனக்கு முறிவு. அடிபட்டதால் வந்ததன்று, திரும்பத் திரும்ப ஏறிய சுமையால் முதலில் மயிரிழை போல் விரிசல் விட்டு, அன்று முழுதாகப் பிளந்து விலகிவிட்டது.

"எலும்பு உயிருள்ள பொருள்மா. சுமை ஏத்துனா பழசைக் கொஞ்சம் அரிச்சிட்டுப் புதுசு போடும். அரிக்கிறது சீக்கிரம் நடக்கும், புதுசு போடுறதுக்கு நாளாகும். அந்த நாளைக் குடுக்காம மறுபடி மறுபடி ஏத்துனா இப்படித்தான்." பிறகு கேட்டார், "மாதவிடாய் தள்ளிப்போச்சா?"

இரண்டு முறை வரவில்லை. ஓடினால் அப்படித்தான் ஆகும் என்று குழுவில் யாரோ சொன்னார்கள், நம்பினோம். செலவழிக்கிற அளவுக்குச் சாப்பிடாத உடம்பு முதலில் அதைத்தான் நிறுத்தும், அப்போதே எலும்பும் மெலியத் தொடங்கிவிடும் என்றார் அவர். இரத்தத்தில் வைட்டமின் டி-யும் குறைவு.

அதன் பிறகு சொன்னதுதான் அடுத்த பல மாதங்களுக்கு என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது. எலும்பின் தலைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் அந்தக் கழுத்தை ஒட்டித்தான் ஏறுகின்றன. கழுத்து விலகும்போது அவை கிழிந்திருக்கலாம். கிழிந்திருந்தால், திருகாணி போட்டு எலும்பை ஒட்டவைத்தாலும் தலை மெல்ல மெல்லச் செத்துப்போகும். பிறகு இடுப்பு மூட்டையே மாற்றவேண்டும். ஓட்டத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது.

"எப்பத் தெரியும் டாக்டர்?"

"உடனே தெரியாது. காத்திருக்கணும்."

அன்று மாலையே அறுவை சிகிச்சை நடந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். விழிப்போடு இருந்தேன். எலும்பில் துளையிடும் துரப்பணம் சுழலும் ஒலியைக் கேட்டேன், வலி இல்லை. அடுத்தவர் வீட்டில் ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ள முயன்றேன். மூன்று திருகாணிகள்.

அண்ணன் ஏழுமலை மறுநாள்தான் வந்தான். அவனும் டிரெய்லர் ஓட்டுகிறவன். சட்டையெல்லாம் வியர்வை, கண் சிவந்திருந்தது. ஓட்டத்துக்காகச் சாலையைக் காலி செய்தபோது வண்டிகளை எல்லாம் மணலிப் பக்கம் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். முதல் நாள் மாலையிலிருந்து தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை, வண்டியைவிட்டு இறங்கினால் அபராதம்.

"நாங்க இன்னா ஆசைப்பட்டா அந்த ரோட்ல குந்திகினு கீறோம்? கேட்டு தொறக்கமாட்றான். நீ ஓடணும்னா என்னிய தள்ளணும், நான் நிக்கணும்னா உன்னிய தள்ளணும். நடுவுல மேடை போட்டு எவனோ போட்டோ எடுத்துக்கினான்."

நான் எழுதிய எந்த மனுவும் இந்தச் சாலையைப் பற்றி இவ்வளவு சரியாகச் சொல்லவில்லை என்று அவனிடம் சொன்னேன். "காலு ஒடஞ்சும் மனு நெனப்பு போவலியே உனுக்கு" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த நண்டு ரசத்தை மூடியில் ஊற்றி ஆற்றினான்.

பெண்கள் எலும்புப் பிரிவு வார்டில் இருந்த நாட்கள் இப்படிக் கழிந்தன: காலையில் இரத்த அழுத்தம், கட்டு மாற்றுதல், சக்கர நாற்காலியில் எக்ஸ்ரே அறைக்கு வரிசை, திரும்ப வந்து படுக்கை. இயற்கை உபாதைக்கும் ஆள் வேண்டும். அம்மா ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. மத்தியானத்தில் தலைக்கு எண்ணெய் தடவி, படுத்த வாக்கிலேயே பின்னிவிடுவாள். மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் ஒரு ஸ்கேனை அவசரத்துக்கு வெளியே எடுக்கவேண்டியிருந்தது, அதற்கு அம்மாவின் தோடு போயிற்று. காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு, "எனுக்கு இதான்டி எடுப்பா கீது" என்றாள். ஓட்டத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் அன்று ஆயிரக்கணக்கில் தண்ணீர்ப் புட்டிகளை வாங்கிச் சாலையோரத்தில் எறிய வைத்திருந்தார்கள். அந்தக் குச்சியைப் பார்க்கும்போதெல்லாம் புட்டிகள் என் நினைவுக்கு வந்தன.

பார்க்க வந்த உறவினர்கள் இரண்டு தீர்ப்புகளோடு வந்தார்கள். முதலாவது, பொம்பளைக்கு எதற்கு ஓட்டம். என் பெரியப்பா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணத்துக்கு நிக்கிற புள்ள, இனிமே நொண்டினு சொல்வாங்களே" என்றார். இரண்டாவது, பவுனுவின் கால்தான் முறித்தது. மிதித்ததில் எலும்பு நழுவிவிட்டதாம். தெருவில் அது உறுதியான செய்தியாகிவிட்டது. காலையில் அவர் வாசலில் நின்றவர்கள் நிற்பதில்லை. அது மட்டுமன்று, ராசி கெட்ட கால் என்று சொல்லி அவரிடம் முதல் போணி செய்யவும் தயங்கினார்கள். மீன் விற்கிறவருக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும்.

கூடாரத்தில் மருந்து பீய்ச்சியவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அட்டவணை போட்டவனை யாருக்கும் தெரியாது. தொழிற்சாலையின் பெயரை உச்சரிக்கும்போது குரல் தானாகவே தாழ்ந்தது, அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது மீன்கூடைக்காரியின் கால் மட்டும்தான்.

பவுனு அக்கா ஒரு நாள் பார்வையாளர் நேரத்தில் வந்தார். தூக்குவாளியோடு வார்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உள்ள வாக்கா" என்றேன்.

"வர்றேன், உங்கம்மா என்னிய பாக்கட்டும். இருவது வருசம் என் கையில மீனு வாங்கித் துன்ன வாயி. ஒரு வார்த்த கேக்கறதுக்கு இன்னா?"

"கேக்கறதுக்கு இன்னா கீது?" அம்மா திரும்பாமலே சொன்னாள். "எம்பொண்ணு எலும்ப மிதிச்சி ஒடச்சிட்டு ரசம் கொண்ணாந்துட்டா."

"ரசம் இல்ல. சுறாப்புட்டு."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். நல்லவேளையாக மருத்துவர் நஸ்ரீன் அப்போது சுற்றுக்கு வந்தார். இருவர் காதிலும் விழும்படி நடந்ததை எல்லாம் அவரிடம் சொல்லி, மிதித்ததால்தான் முறிந்ததா என்று கேட்டேன்.

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "விரிசல் அதுக்கு முன்னாடியே இருந்திருக்கு. அதனாலதான் அந்த வலி. விரிசல் விட்ட எலும்பை மிதிக்கிறது தப்பு, ஆபத்து. இனிமே இடுப்பு மடிப்புல வலின்னு யாராவது வந்தா மிதிக்காதீங்கம்மா, இங்க அனுப்புங்க. ஆனா இவங்களுக்கு வலி குறைஞ்சது மிதிச்சதால இல்ல. மூணு நாள் படுத்திருந்ததால. படுத்தா குறையும், ஓடுனா திரும்பும், அதான் இந்த விரிசலோட அடையாளமே. அந்த ஓய்வு இன்னும் சில வாரம் தொடர்ந்திருந்தா ஆபரேஷனே தேவைப்பட்டிருக்காது."

இதுதான் எனக்கு நேர்ந்த தவறின் மையம். ஓய்வு தந்த நிவாரணத்தை நாங்கள் காலின் மகிமை என்று எடுத்துக்கொண்டோம். குணமாகிவிட்டது என்று நம்பித்தான் மறுபடி ஓடினேன். தெருவின் நம்பிக்கைக்கு இதில் பங்கு உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் என் வலிக்காக "ஓடாதே" என்று சொன்ன ஒரே ஆள் பவுனு அக்கா. சொல்லவேண்டிய கடமையும் படிப்பும் சம்பளமும் உள்ளவர்கள், ஓடச் சொன்னார்கள். கண்டிக்க வேண்டுமானால் அந்த வரிசையில் கண்டியுங்கள் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா சுவர்ப்பக்கமிருந்து முகத்தைத் திருப்பினாள். பிறகு, "புட்டு ஆறிப்பூடும், குடு" என்றாள்.

ஓடத் தொடங்குகிறவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கவேண்டுகிறேன். தசைவலி பரவலாக இருக்கும், இரண்டு மூன்று நாளில் தேயும். எலும்பின் வலி ஓரிடத்தில் நிலைத்திருக்கும், ஓடினால் ஏறும், நின்றால் குறையும், பிறகு நடந்தாலே வரும். இடுப்பு மடிப்பில் அப்படி வலித்தால் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். முதல் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகலாம், வலி தொடர்ந்தால் ஸ்கேன் கேளுங்கள். வாரா வாரம் தூரத்தைக் கொஞ்சமாகவே கூட்டுங்கள், இடையில் ஒரு வாரம் குறையுங்கள். சாப்பிடாமல் ஓடாதீர்கள். விழா நாளுக்காக உடம்பைத் துரத்தாதீர்கள், விழா அடுத்த ஆண்டும் வரும்.

வார்டைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தைய நாள் தொழிற்சாலையிலிருந்து மூவர் வந்தார்கள். பூங்கொத்து, பழக்கூடை, ஒரு பதக்கம். ஓட்டத்தை முடித்தவர்களுக்கான பதக்கம்.

"நான் முடிக்கலையே" என்றேன்.

"மனசால முடிச்சிட்டீங்க மேடம்" என்றார் அவர்களில் மூத்த பெண்மணி. புகைப்படக்காரர் என் கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்ந்தார். படம் வேண்டாம் என்றேன். கூடாரத்தில் இருந்தவர் மருத்துவரா என்று கேட்டேன். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். அட்டவணையைப் பற்றிக் கேட்டேன். பங்கேற்பது அவரவர் பொறுப்பு என்றார்கள், மிக மென்மையாக. கடைசியாக ஒன்று கேட்டேன்: "அந்தச் சாலையிலிருந்து டிரெய்லர்களை எப்படி அகற்றினீர்கள்? நாங்கள் மனுமேல் மனு கொடுத்தோம். காலையில் ஒரு மணி நேரம் ஒரு பக்கத்தை விடுங்கள் என்றுதான் கேட்டோம். முடியவே முடியாது என்றார்கள்."

"அது ஒரு நாள் அனுமதி மேடம். நிகழ்ச்சிக்கு மட்டும்."

ஆக, முடியும். எங்கள் ஊர்ச் சாலையில் மனிதர்கள் ஓடுவதற்கு இடம் உண்டு, பின்னணியில் பலூன் வளைவு இருந்தால்.

அவர்கள் போனபின் அம்மா பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத்த இன்னா பண்றது? வெளக்குக்கு மாட்றதா?" அண்ணன் அதை வாங்கிக்கொண்டு போய், தன் வண்டியின் முன்பக்கத்தில் எலுமிச்சை மிளகாயோடு சேர்த்துக் கட்டிவிட்டான்.

வீட்டில் நான்கு கால் ஊன்றுகோலோடு, இடது கால் தரையில் படாமல் பல வாரங்கள். பிறகு விரல்நுனி படலாம், பிறகு பாதி எடை, பிறகு முழு எடை. எட்டுப் பேர் குழு நாலாகக் குறைந்தது. என்னைத் தவிர இன்னும் மூன்று பேரை, என் பெயரைச் சொல்லித்தான் வீட்டில் நிறுத்தினார்கள். என் தொடைக்குள் இருந்த ஒரு பந்து எலும்பு செத்தால், அந்த மூன்று பேரின் காலை ஓட்டமும் அதோடு முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. நாள்தோறும் அந்த இடத்தில் கையை வைத்து, உள்ளே இரத்தம் ஓடுகிறதா என்று கேட்பேன். கை எதையும் சொல்லாது.

ஸ்கேனுக்காகக் காத்திருந்த நடைவழியில் இரும்பு நாற்காலிகள். எல்லார் கையிலும் பெரிய பிளாஸ்டிக் பை, அதற்குள் படங்கள். கொதிக்கும் புழுக்கத்தில் அத்தனை பேரும் தங்கள் எலும்புகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பவுனு அக்கா அன்று வியாபாரத்துக்குப் போகாமல் கூட வந்திருந்தார். அம்மாவும் அவரும் ஒரே நாற்காலியில் பாதிப்பாதியாக உட்கார்ந்து, ஒரே வெற்றிலையைக் கிள்ளி மென்றார்கள்.

மருத்துவர் நஸ்ரீன் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இரத்தம் போகுது. தலை உயிரோட இருக்கு. இன்னும் கொஞ்ச காலத்துக்கு வந்து காட்டணும், முழுசா உறுதி சொல்ல மாட்டேன். ஆனா நல்லாருக்கு."

அம்மா அழுதாள். பவுனு அக்கா, "அயுவாத, கண்ணு கலீஜாவுது" என்று சொல்லி, தானும் அழுதார்.

அடுத்த ஓட்டத்துக்கான வேலை தொடங்கியபோது தொழிற்சாலையிலிருந்து மறுபடி அழைத்தார்கள். மீண்டு வந்த பெண் என்று என் படத்தைப் பதாகையில் போட ஆசைப்பட்டார்கள். நாள்தோறும் காலையில் ஒரு மணி நேரம் சாலையின் ஒரு பக்கம் எங்களுக்கு, காத்திருக்கும் ஓட்டுநர்களுக்குத் தண்ணீரும் கழிப்பறையும் உள்ள ஒரு நிறுத்துமிடம். இரண்டையும் நிறுவனத்தின் பெயரில் கேட்டு வாங்கித் தாருங்கள், படம் தருகிறேன் என்றேன். அது தங்கள் எல்லைக்குள் வராது என்றார்கள். என் படமும் அவர்கள் எல்லைக்குள் வராது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பெரியப்பாவுக்கு வருத்தம். பதாகையில் வந்திருந்தால் வரன் பார்க்க வசதியாக இருந்திருக்குமாம். மனு மட்டும், ஓட்டுநர்கள் கையெழுத்தும் பெண்கள் கையெழுத்துமாகச் சேர்ந்து, இந்த முறை ஒரே தாளில் போயிருக்கிறது. பதில் இல்லை.

சென்ற வாரம் இயன்முறை மருத்துவர் அனுமதி தந்தார். நாலு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம், அதற்குமேல் ஓரடி கூடாது. விடிந்ததும் போனேன். டிரெய்லர்கள் வழக்கம்போல வரிசையாக நின்றன. அதே எண்ணெய், அதே நாற்றம். இடைவெளியின் வாயில் சாந்தியும் இறால் கம்பெனிப் பெண்கள் மூவரும் நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், வீட்டில் நிறுத்திவைக்கப்பட்டவர்களில் ஒருத்தி, துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு. வண்டி திடீரென்று நகர்ந்தால் ஒதுங்க என்னால் இன்னும் முடியாது. அது எல்லாருக்கும் தெரியும்.

பவுனு அக்கா கூடையை இறக்கிவைத்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னே போய், ஒவ்வொரு டிரெய்லரின் விலாவிலும் உள்ளங்கையால் ஓங்கித் தட்டிக்கொண்டே நடந்தார்.

"வண்டிய எடுக்காத. புள்ள ஓடுது. ஏய் நைனா, உன்னியத்தான், வண்டிய எடுக்காத."

வரிசை நெடுகிலும் சன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. ஒருவர் கிளப்பிய என்ஜினை அணைத்தார். அவர் பதக்கம் தொங்கிய வண்டியை எட்டியபோது, உள்ளே இருந்த அண்ணன் தலைக்கட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

நான் ஓடினேன். அந்த ஒரு நிமிடமும் எந்த வண்டியும் நகரவில்லை. அதற்கு நாங்கள் யாரிடமும் அனுமதி வாங்கியிருக்கவில்லை.